மொறிஸ் மைனர் 1000: பின் இடது சில்லு இறுகிச் சூடாகிறது, கை பிறேக்கும் பிடிக்கவில்லை

வடமராட்சியான் எழுதியது:

வணக்கம். என் தகப்பனார் 1961ஆம் ஆண்டில் வாங்கிய 948 சிசி மொறிஸ் மைனர் 1000 கார், அதே "1 ஸ்ரீ" இலக்கத் தகட்டுடன் இன்றும் எங்கள் வீட்டில் நிற்கிறது. தொண்ணூறுகளில் பெற்றோல் கிடைக்காத காலத்தில் மண்ணெண்ணெயிலும் ஓடிய வண்டி அது. அவர் காலமான பின்னர் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கொட்டிலுக்குள் அசையாமல் இருந்தது. எங்கள் வீடு கடலிலிருந்து அரை மைல் தூரமும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இவ்வாண்டு தொடக்கத்தில் அதனை மீண்டும் ஓட்டத் தொடங்கினேன். ஒரு கராஜில் மாஸ்டர் சிலிண்டருக்கும் (பெடலை மிதிக்கும்போது பிறேக் ஒயிலைக் குழாய்களுக்குள் தள்ளுவது) நான்கு சில்லுகளின் சிலிண்டர்களுக்கும் புதிய றப்பர்கள் போட்டு, எயர் எடுத்து (குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்றி)த் தந்தார்கள். இப்போதுள்ள குறைகள் இவை. பத்து நிமிடம் ஓடியதும் பின் இடது சில்லின் நடுப்பகுதி கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிறது. பின் வலது சில்லோ இளஞ்சூட்டிலேயே இருக்கிறது. ஆறிய பின்னர் இடது சில்லைக் கையால் சுற்றினால் உராயும் ஒலியோடு சுற்றுகிறது. கை பிறேக்கைக் கடைசிப் பல் வரை இழுத்தாலும் ஒழுங்கையின் சிறு சரிவில் கார் உருண்டுவிடுகிறது. கால் பிறேக்கை முதல் முறை மிதிக்கும்போது பெடல் பாதிக்கும் கீழே இறங்குகிறது; உடனே இரண்டாம் முறை மிதித்தால் உயரத்திலேயே கல்லைப் போல் நிற்கிறது. இடது சில்லுக்குப் பின்னாலுள்ள தகட்டின் அடியில் கறுப்பாக ஓர் ஈரமும் தெரிகிறது.

அதே கராஜில் கேட்டபோது, நான்கு சில்லுகளின் சிலிண்டர்களையும் பின் டிரம்கள் (சில்லோடு சேர்ந்து சுற்றும் பிறேக் உருளைகள்) இரண்டையும் புதிதாகப் போட வேண்டும் என்றும், பொருட்களைக் கொழும்பிலிருந்து எடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அங்குல அளவு ஸ்பனர்கள், ஒரு ஜக், ஓரளவு பொறுமை ஆகியவை என்னிடம் உள்ளன. எதிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம் என்று தெரிந்தவர்கள் கூறுவீர்களா?


பழைய ஸ்பனர் எழுதியது:

தம்பி, எதையும் வாங்காதீர்கள். நீங்கள் சொல்லியிருப்பது ஒரு நோய் அன்று, மூன்று நோய்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து தேடப் போனதால்தான் அந்தக் கராஜ்காரர் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்.

முதலில் பெடல். முதல் மிதியில் இறங்கி, இரண்டாம் மிதியில் உயர்ந்து, உயர்ந்த இடத்திலேயே உறுதியாக நிற்குமானால், பெரும்பாலும் சூவுக்கும் (டிரம்மின் உட்புறத்தை அழுத்தி நிறுத்தும் வளைந்த துண்டு) டிரம்முக்கும் இடையிலுள்ள இடைவெளி கூடிவிட்டது என்றே கொள்ள வேண்டும். குழாய்க்குள் காற்று இருந்தால் பெடல் பஞ்சு போல் அமுங்கும். காலை அழுத்தியபடியே வைத்திருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே போகுமானால், மாஸ்டர் சிலிண்டரின் றப்பர் உள்ளே விடுகிறது, அல்லது எங்கோ வெளியே ஒழுகுகிறது. உங்களுடையது இவ்விரண்டும் அன்று. இந்தக் காரின் பிறேக் தானாக இடைவெளியைச் சரிசெய்துகொள்ளாது. முன் சில்லுகளில் இரண்டிரண்டு, பின் சில்லுகளில் ஒவ்வொன்று என அந்த இடைவெளியைக் கையால் திருகிக் குறைக்கும் அட்ஜஸ்டர்கள் மொத்தம் ஆறு உண்டு. றப்பர் மாற்றியவர்கள் அந்த ஆறையும் தொட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்தது சூடு. இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ஐந்து நிமிட வேலைதான். காரை ஓட்டிச் சில்லைச் சூடாக்கிக்கொண்டு வந்து, ஆறுவதற்குள் ஜக்கில் தூக்கி, அந்தச் சில்லின் எயர் எடுக்கும் நிப்பிளைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். பிறேக் ஒயில் பீறிட்டு வந்து சில்லும் விடுபட்டால், அழுத்தம் குழாய்க்குள் அடைபட்டிருக்கிறது. ஒயில் திரும்பிப் போக வழி இல்லை. அப்போது றப்பர்க் குழாயையோ மாஸ்டர் சிலிண்டரையோ பார்க்க வேண்டும். ஒயில் சொட்டாக மட்டும் வந்து சில்லு அப்படியே இறுகியிருந்தால், குற்றம் டிரம்முக்குள் உள்ள இரும்பில் இருக்கிறது.

நான் இரண்டாவதையே எதிர்பார்க்கிறேன். காரணம், மைனரின் பின் அச்சுக்கு உடலிலிருந்து இறங்கும் றப்பர்க் குழாய் ஒன்றே ஒன்றுதான்; அதற்குப் பிறகே இடமும் வலமுமாக இரும்புக் குழாய் பிரிகிறது. அந்த றப்பர்க் குழாய் உள்ளே உப்பி அடைத்திருந்தால் இரண்டு பின் சில்லுகளும் சேர்ந்து இறுகியிருக்கும். மாஸ்டர் சிலிண்டர் விடாவிட்டால் நான்கும் இறுகும். ஒரு சில்லு மட்டும் சுடுகிறது என்றால் அந்தச் சில்லையே கழற்றிப் பார்ப்பதுதான் முறை.

கழற்றும்போது ஒன்றை மறக்காமல் பாருங்கள். இந்தக் காரின் பின் சிலிண்டருக்குள் பிஸ்டன் ஒன்றுதான். அது ஒரு சூவைத் தள்ளும். அந்தத் தள்ளலின் எதிர்விசையால் சிலிண்டரின் உடல் முழுவதுமே பின் தகட்டிலுள்ள நீள் துளையில் வழுக்கிப் போய் மற்றச் சூவைத் தள்ளும். அதாவது சிலிண்டர் அசைந்தால்தான் இரண்டு சூக்களும் வேலை செய்யும். கை பிறேக்கின் லீவரும் அந்தச் சிலிண்டரின் உடலிலேயே கோக்கப்பட்டிருப்பதால், அதுவும் இதே அசைவை நம்பியிருக்கிறது. றப்பர் மாற்றுபவர்கள் பிஸ்டனை மட்டும் வெளியே எடுத்துத் துடைத்துப் போட்டுவிடுவார்கள். நீள் துளையின் ஓரத்தில் ஏறியிருக்கும் துருவை எவரும் பார்ப்பதில்லை. கடற்கரைக் காற்றில் ஒன்பது ஆண்டுகள் நின்ற காரில் அது இறுகாமல் இருந்தால்தான் வியப்பு.

மூன்றாவது அந்த ஈரம். விரலில் ஒரு துளி எடுத்து, ஒரு கோப்பைத் தண்ணீரில் விடுங்கள். பிறேக் ஒயில் தண்ணீரோடு கலந்து மறைந்துவிடும். அச்சு ஒயிலானால் மேலே மிதக்கும். கெட்டியாகவும் கந்தக நெடியோடும் இருக்கும். கையைக் கழுவ மறக்க வேண்டாம். காரின் பெயின்றில் பிறேக் ஒயிலைப் பட விடவும் வேண்டாம், பட்டால் உரித்துவிடும்.

காருக்கு அடியில் கை வைக்கும் முன், முன் சில்லுகள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். டிரம் கழற்றக் கை பிறேக்கை விட வேண்டும் என்பதால் காரைப் பிடித்து நிறுத்த வேறொன்றும் இராது. எங்கள் பக்கத்தில் பலர் முருகைக்கல்லை அடுக்கி அதன்மேல் காரை இருத்துகிறார்கள். முருகைக்கல் பாரத்தில் சொல்லாமல் வெடிக்கும். நல்ல வைரமான பனங்குற்றி, அல்லது இரும்பு ஸ்டான்ட் மட்டுமே வையுங்கள். மணல் தரையானால் ஜக்குக்கு அடியில் ஒரு தடித்த பலகையும் வேண்டும்.


கொழும்புத்துறையார் எழுதியது:

மேலே ஐயா சொன்னது சரியே. ஆயினும் கை பிறேக் கேபிளையும் விலக்கி வைத்துவிட முடியாது. மைனரில் இரண்டு பின் சில்லுகளுக்கும் தனித்தனிக் கேபிள் உண்டு. இரண்டும் காருக்குள் கை பிறேக் பிடியின் அடியில் தனித்தனி நட்டுகளால் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். கை பிறேக் பிடிக்கவில்லை என்று சொன்னால், சூவை அட்ஜஸ்ட் செய்யாமல் அந்த நட்டுகளைத் திருகி இறுக்குவது நம்மவர்களின் வழக்கம். அப்படி இறுக்கினால் லீவர் எப்போதும் பாதி இழுபட்ட நிலையில் நின்று சூ உராயும். என்னுடைய காரில் ஒரு மழைக்காலம் முழுவதும் இதே குழப்பம் இருந்தது. கேபிளின் உறைக்குள் துருப் பிடித்து, இழுத்தது திரும்பவில்லை. ஆகவே சூடாக இருக்கும்போதே இடது கேபிளின் முனையைச் சிலிண்டர் லீவரோடு பூட்டியிருக்கும் ஊசியைக் கழற்றி விடுவித்துப் பாருங்கள். சில்லு விடுபட்டால் குற்றம் கேபிளில் இருக்கிறது.

டிரம் கழற்றியதும் உள்ளே உள்ள தூசியை எயர் பம்பால் அடித்துவிட்டு, பெற்றோலால் எல்லாவற்றையும் கழுவிவிட்டால் வேலை சுத்தமாக இருக்கும்.


வடமராட்சியான் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றுக் காலை வேலையைத் தொடங்கினேன்.

நெல்லியடி வரை போய் வந்து, சூடு ஆறுவதற்குள் தூக்கி நிப்பிளைத் தளர்த்தினேன். இரண்டு சொட்டு மட்டும் வந்தது, சில்லு விடுபடவில்லை. பின்னர் கேபிளைக் கழற்றினேன், அப்போதும் மாற்றமில்லை. கேபிள் உறைக்குள் தாராளமாக ஓடுகிறது.

டிரம்மைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்குறூக்களையும் கழற்றிய பின்பும் டிரம் வரவில்லை. அட்ஜஸ்டரை முழுவதும் தளர்த்தி, மரச் சுத்தியலால் சுற்றிலும் தட்டிய பிறகே வெளியே வந்தது. ஒரு சூவின் லைனிங் (அதன்மேல் பதித்த உராய்வுப் பட்டை) ஏறத்தாழ றிவெட் தலை வரை தேய்ந்திருக்கிறது. மற்றதில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. தேய்ந்திருப்பது பிஸ்டன் தள்ளும் சூ என்று எதிர்பார்த்தேன். ஆனால் சிலிண்டரின் உடல் தள்ளும் சூதான் தேய்ந்திருக்கிறது. ஈரத்தைத் தண்ணீரில் விட்டேன், மிதக்கிறது.

கொழும்புத்துறையார் சொன்னபடி பெற்றோலில் பிஸ்டனையும் றப்பரையும் கழுவி வெயிலில் வைத்திருக்கிறேன். அடுத்து என்ன செய்ய வேண்டும்?


பழைய ஸ்பனர் எழுதியது:

தம்பி, வேலை நன்றாகத்தான் போயிருக்கிறது. ஆனால் அந்த றப்பர்களை எறிந்துவிடுங்கள். பிறேக் றப்பர் பெற்றோலையும் மண்ணெண்ணெயையும் கிறீஸையும் எஞ்சின் ஒயிலையும் தாங்காது, உப்பி மென்மையாகிவிடும். இன்று பொருந்துவது போலத் தோன்றும். நாளை சிலிண்டருக்குள் சிக்கி நிற்கும். பிறேக்கின் உட்பகுதிகளைப் புதிய பிறேக் ஒயிலாலோ மெதிலேற்றட் ஸ்பிரிட்டாலோ மட்டும் கழுவ வேண்டும். கொழும்புத்துறையார் மன்னிக்க வேண்டும், எயர் பம்பு என்று சொன்னதையும் நான் ஒப்ப மாட்டேன். அறுபதுகளின் லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருந்தது. எங்கள் ஊர்க் கார்களில் எந்தக் காலத்து லைனிங் ஒட்டியிருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. அந்தத் தூசியை அடித்துப் பறக்கவிட்டு மூச்சில் இழுக்கக் கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, பழைய துணியால் துடைத்து, துணியை ஒரு பையில் கட்டி எறிந்துவிட வேண்டும். நான் தொழில் பழகிய காலத்தில் நாங்களும் அடித்துத்தான் பறக்கவிட்டோம். அதை ஒரு நியாயமாகச் சொல்ல மாட்டேன்.

இனி அந்தத் தேய்மானம் சொல்வதைப் பார்ப்போம். கார் முன்னால் ஓடும்போது ஒரு சூ சில்லின் சுழற்சியோடு சேர்ந்து டிரம்முக்குள் இழுபட்டு இறுகும். மற்றதைச் சுழற்சி விலக்கித் தள்ளும். வழக்கமாக இழுபடும் சூதான் முதலில் தேயும். உங்கள் காரில் அது தலைகீழாக இருக்கிறது. அப்படியானால் பிறேக்கைப் பலமாக அழுத்தும்போது சிலிண்டர் நீள் துளையில் ஒருவாறு நகர்ந்து சூவைத் தள்ளுகிறது. காலை எடுத்த பின்னர் ஸ்பிறிங்கின் பலம் அதைத் திருப்பி இழுக்கப் போதவில்லை. அந்தச் சூ டிரம்மில் ஒட்டியபடியே மைல் கணக்கில் உராய்ந்திருக்கிறது. உங்கள் சூட்டுக்கு விடை அதுவே. கை பிறேக்கின் இழுவைக்கோ சிலிண்டரை நகர்த்தும் பலமே இல்லை; அது ஒரு சூவை மட்டும் தள்ளுகிறது, அந்தச் சூவிலும் ஒயில் ஊறியிருக்கிறது. பிறகு எப்படிப் பிடிக்கும்?

சிலிண்டரைக் குழாயிலிருந்து கழற்றித் தகட்டிலிருந்து வெளியே எடுங்கள். குழாயின் வாயைச் சுத்தமான றப்பர் மூடியால் அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிறேக் ஒயில் எல்லாம் நிலத்துக்குப் போகும். தகட்டின் நீள் துளை ஓரங்களையும், சிலிண்டரின் பக்கத்திலுள்ள காடிகளையும் கம்பித் தூரிகையாலும் மெல்லிய எமெறித் தாளாலும் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். அராவி போட்டுத் துளையை அகலமாக்கிவிடக் கூடாது; போக வேண்டியது துரு மட்டுமே. லீவர் திரும்பும் பின்னையும் அதன் துளையையும் அதேபோலச் சுத்தம் செய்யுங்கள். சிலிண்டரைத் துளையில் வைத்து ஒரு விரலால் தள்ளினால் அங்கும் இங்கும் போய்வர வேண்டும். தட்டித்தான் நகர்கிறது என்றால் இன்னும் தேயுங்கள். போய்வரத் தொடங்கிய பின்னர், சூட்டைத் தாங்கும் பிறேக் கிறீஸை மட்டும் மிக மெல்லியதாக ஓரங்களில் பூசலாம். சாதாரண கிறீஸ் உருகி லைனிங்குக்கு வந்துவிடும்.

சிலிண்டரின் உட்சுவரை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். கறை மட்டும் இருந்தால் நுண்ணிய எமெறியால் வட்டமாகத் தேய்த்து எடுத்துவிடலாம். நகத்தில் தட்டுப்படும் குழி இருந்தால் அந்த ஒரு சிலிண்டரை மட்டும் புதிதாக வாங்குங்கள். குழியின்மேல் எந்தப் புதிய றப்பரும் நிற்காது.

சூக்களை இடமும் வலமுமாக நான்கையும் கொடுத்துப் புதிய லைனிங் போட வேண்டும். ஒயில் ஊறிய லைனிங்கைப் பெற்றோல் ஊற்றி எரித்துக் காயவைத்துத் திரும்பப் போடுவோர் இருக்கிறார்கள். மேலே காய்ந்தது போல் இருக்கும். சூடேறியதும் உள்ளே இருப்பது மீண்டும் கசியும். ஒரு பக்கம் மட்டும் புதிய லைனிங் போட்டால் பிறேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கமாக இழுக்கும். சூட்டில் நீலம் பாரித்த ஸ்பிறிங்குகளையும் மாற்றிவிடுங்கள். டிரம்மில் ஆழமான கோடோ நீள்வட்டமோ இல்லாவிட்டால், கழற்ற விடாமல் தடுத்த அந்த ஓரத் திட்டை மட்டும் கடைச்சல் பட்டறையில் எடுப்பித்தால் போதும்.


வன்னிப் பயணி எழுதியது:

அச்சு ஒயில் டிரம்முக்குள் வருவதை நிறுத்தாமல் புதிய லைனிங் போடுவது வீண் செலவு. சில்லின் பக்கத்திலுள்ள ஒயில் சீல், அல்லது அச்சுத் தண்டின் தகட்டுக்கு அடியில் இருக்கும் கடதாசிப் பக்கிங், இரண்டில் ஒன்று விட்டிருக்கிறது. இரண்டையும் மாற்றுங்கள், விலை குறைவு. ஆனால் சீலை மாற்றும் முன் அது ஏன் விட்டது என்று பாருங்கள். பின் அச்சுக் குழலின் மேல் ஒரு சிறிய மூச்சுத் துளை இருக்கிறது. அது அடைபட்டால், ஓடும்போது சூடாகும் காற்றுக்கு வெளியேற வழியின்றி அது ஒயிலைச் சீலின் வழியே தள்ளிவிடும். மற்றொன்று, காரின் பின்பக்கத்தை ஜக்கில் தூக்கி வைத்துக்கொண்டே சிலர் அச்சுக்கு ஒயில் விடுவார்கள்; அளவு கூடிவிடும். கார் சமதரையில் நிற்கும்போது, ஒயில் விடும் மூடியின் துளையளவுக்கே ஒயில் நிற்க வேண்டும். மேலதிகம் தானாக வழிந்துவிட வேண்டும்.


பழைய ஸ்பனர் எழுதியது:

வன்னிப் பயணி சொன்ன மூச்சுத் துளையைக் கட்டாயம் பாருங்கள். நான் எழுத மறந்தது அது.

பூட்டிய பின் எயர் எடுக்கும்போது, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்திலுள்ள சில்லிலிருந்து தொடங்குங்கள். மைனரில் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில் தரைக்குக் கீழே இருப்பதால் பின் இடது முதலில், அடுத்துப் பின் வலது, பின்னர் முன் இடது, கடைசியாக முன் வலது. மாஸ்டர் சிலிண்டரின் மூடியைத் திறக்கும் முன் அதைச் சுற்றியுள்ள மண்ணை ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். செருப்பு மணல் எல்லாம் அங்கேதான் சேர்ந்திருக்கும், ஒரு மணி உள்ளே விழுந்தாலும் றப்பரைக் கீறும். திறந்து நெடுநாள் வைத்த பிறேக் ஒயிலை விட வேண்டாம். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும், அந்த ஈரமே சிலிண்டருக்குள் துருவாகும்.

அட்ஜஸ்ட் செய்யும் முறை: கை பிறேக் விட்டிருக்க வேண்டும். சில்லின் நடு மூடியைக் கழற்றி, டிரம்மிலுள்ள துளை அட்ஜஸ்டர் ஸ்குறூவுக்கு நேரே வரும்வரை சில்லைச் சுற்றுங்கள். ஸ்குறூ டிரைவரால் சில்லு பூட்டும்வரை வலப்பக்கமாகத் திருப்புங்கள். பின்னர் பெடலை இரண்டு மூன்று முறை பலமாக மிதித்தால் சூக்கள் நடுவுக்கு வந்து அமரும். மீண்டும் பூட்டும்வரை திருப்பி, அங்கிருந்து ஒரு பல் மட்டும் பின்னே விடுங்கள். முன் சில்லுகளில் இரண்டு அட்ஜஸ்டர்களையும் ஒவ்வொன்றாக இதேபோலச் செய்ய வேண்டும். கை பிறேக் நட்டுகளை ஆறும் முடிந்த பின்னரே தொடுங்கள். பெரும்பாலும் தொடத் தேவை வராது.


வடமராட்சியான் எழுதியது:

மூன்று வாரங்களுக்குப் பின்னர் எழுதுகிறேன். லைனிங் போட்டு எடுப்பதற்கே அந்த நாட்களில் பாதி போய்விட்டது.

மூச்சுத் துளையைக் குளவி மண்ணால் அடைத்து வைத்திருந்தது. ஈர்க்கு ஒன்றால் குத்தி எடுத்தேன். சமதரையில் நிறுத்தி அச்சு மூடியைத் திறந்தபோது கால் போத்தல் அளவு ஒயில் வழிந்தது. சீலும் பக்கிங்கும் மாற்றியாயிற்று. இடது சிலிண்டரைத் தகட்டிலிருந்து எடுக்கவே ஒரு முழு மாலை பிடித்தது. துரு அவ்வளவு இறுகியிருந்தது. உள்ளே ஒரு குழி நகத்தில் தட்டுப்பட்டதால் அந்த ஒரு சிலிண்டரை மட்டும் வாங்கினேன். அச்சம் தீர வலது பக்கத்தையும் கழற்றினேன். அங்கும் நீள் துளையில் துரு தொடங்கியிருந்தது, ஆனால் விரலுக்கு அசைந்தது. டிரம்கள் இரண்டும் பழையவையே.

இப்போது முதல் மிதியிலேயே பெடல் உயரத்தில் நிற்கிறது. பருத்தித்துறை வீதியில் யாழ்ப்பாணம் வரை போய் வந்து தொட்டுப் பார்த்தேன். இரண்டு பின் சில்லுகளும் ஒரே இளஞ்சூட்டில் இருக்கின்றன. கை பிறேக் நான்காவது பல்லில் ஒழுங்கைச் சரிவில் காரை நிறுத்துகிறது. ஐயா சொன்னபடி நட்டுகளைத் தொடவே இல்லை. காலையில் முதல் சில மிதிகளுக்கு மட்டும் இடது பின்பக்கத்தில் ஒரு கீச்சொலி கேட்கிறது. அதைப் பற்றி ஏதாவது செய்ய வேண்டுமா?


பழைய ஸ்பனர் எழுதியது:

இரவு ஈரத்தில் டிரம்மில் படியும் மெல்லிய துரு அது. இரண்டு மிதியில் போய்விடும். புதிய லைனிங் டிரம்மின் வளைவுக்குத் தேய்ந்து பொருந்தும்வரை அந்த ஒலி கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். இருநூறு மைல் ஓடிய பின்னர் ஆறு அட்ஜஸ்டர்களையும் மறுபடி பாருங்கள். அப்போதும் கீச்சென்றால் டிரம்மைக் கழற்றி, ஒயில் கசிவு நின்றுவிட்டதா என்று ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.